தட்டிப் பார்த்துக் குடி போங்கள்!

நம் வீட்டுப் பெண்மணிகள் சந்தையில் மண் பானை வாங்குவதை நீங்கள் கவனித்திருக்கலாம். பானையை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மறு கையின் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். கணீரென்று நாதம் எழுந்தால்தான் பேரமே ஆரம்பமாகும். சத்தம் சற்றுப் பிசகினாலும் பானை கீழே போய்விடும். ஆறு மாதம் புழங்கி உடையப் போகிற பானைக்கு இத்தனை பரீட்சை! ஆனால் குழந்தை குட்டிகளுடன் பல வருஷம் குடியிருக்கப் போகிற வீட்டையோ, பத்து நிமிஷத்தில் சுற்றிப் பார்த்துவிட்டுப் பதினோராவது நிமிஷத்தில் அட்வான்ஸைக் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பி வருகிறோம்.

இந்தப் பிழையைச் செய்தவர்களில் நானும் ஒருவன். சில வருஷங்களுக்கு முன்பு விருதுநகரில் பஜாருக்குச் சமீபமாக ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் குடியேறினேன். வாடகை சகாயம், பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய்விடலாம், மாலை வேளையில் தெப்பக்குளத்துப் பக்கமிருந்து கொஞ்சம் காற்றும் வரும். என் மனைவி சமையலறையைப் பார்த்தாள். நான் புத்தக அலமாரிக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். கீழே பெரிய பூட்டுப் போட்டிருந்த கிட்டங்கியை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை. "வற்றல் போட்டு வைக்கிற இடம்" என்றார்கள். விருதுநகரில் மிளகாய் வற்றல் இல்லாத தெரு ஏது? நம்பினோம்.

ஆவணி மாதம் ஓரிரவு லாரி வந்து நின்றது. விடியும் வரையில் பெட்டி இறக்கும் சத்தம். காலையில் நான் படியிறங்கியபோது, வாசலில் ஓர் அட்டைப் பெட்டி மூலை கிழிந்து கிடந்தது. அதன் வழியாகச் சரவெடியின் சிவப்புக் காகிதம் எட்டிப் பார்த்தது. நாங்கள் அடுப்பெரித்துச் சமைத்து, விளக்கேற்றி, பாய் விரித்துப் படுக்கும் தரைக்கு நேர் கீழே அவ்வளவும் பட்டாசு! அன்று முதல் தீபாவளி வரையில் நாங்கள் நிம்மதியாகத் தூங்கிய இரவு ஒன்றுகூட இல்லை. கார்த்திகையில் வீட்டைக் காலி செய்தோம். அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது. மற்றப் பாதியைப் படிப்புச் செலவு என்று எழுதிக்கொண்டேன்.

அந்தப் படிப்பு சென்ற கோடையில் பிறருக்கும் உதவியது.

பழைய மாணவனின் கடிதம்

பங்குனிப் பொங்கல் முடிந்த வாரம், என்னிடம் படித்த மாணவன் ஒருவன் வந்தான். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் அவனுக்கு வேலை. கல்யாணமாகி ஒரு வருஷம். மனைவிக்கு விருதுநகரில் ஓர் ஆபீஸில் உத்தியோகம் கிடைத்திருந்தது. இருவரும் விருதுநகரில் குடியிருப்பது, அவன் தினமும் பஸ்ஸில் சிவகாசிக்குப் போய் வருவது என்று தீர்மானித்திருந்தார்கள்.

"ஸார், ஒரு வீடு அமைந்திருக்கிறது. மூன்று அடுக்குக் கட்டடம், ஆறு குடித்தனம். எங்களுக்கு இரண்டாவது மாடி. வாடகை ஆறாயிரத்து ஐந்நூறுதான். நீங்கள் ஒரு தடவை வந்து பார்த்தால் தேவலை" என்றான்.

"நான் பார்த்து என்ன ஆகப் போகிறது, தம்பி? பார்க்கத் தெரிந்தவரை அழைத்து வருகிறேன்" என்று சொல்லி, எங்கள் தெருவில் இருக்கும் முதிய கொத்தனார் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். ஐம்பது வருஷம் கரண்டி பிடித்த கை அவருடையது. வரும்போதே தூக்குக்குண்டை மடியில் முடிந்துகொண்டு வந்தார்.

வாசலில் தரகர் காத்திருந்தார். "மேலே வாருங்கள், வீட்டைப் பார்க்கலாம்" என்றார். கொத்தனாரோ எதிர்ச் சாரிக்குப் போய் நின்றுகொண்டார். "வீடு எங்கேயும் ஓடிப் போகாது. முதலில் கட்டடத்தைப் பார்ப்போம், வாத்தியாரய்யா" என்றார்.

இந்தக் கட்டுரையின் சாரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியந்தான். வாடகை கொடுப்பது இரண்டு அறைக்கும் ஒரு சமையலறைக்கும். ஆனால் நம் உயிர் நிற்பதோ நாம் வாடகை கொடுக்காத இடங்களில். அஸ்திவாரம், மாடிப்படி, மொட்டை மாடி, பொது மின்சாரப் பெட்டி, கீழ்க் கிட்டங்கி ஆகியவற்றை யாரும் நமக்குக் காட்டுவதில்லை, நாமும் கேட்பதில்லை.

ஒரு கட்டடம், மூன்று தலைமுறை

எதிர்ச் சாரியிலிருந்து பார்த்தபோது அந்தக் கட்டடம் ஒரே கட்டடமாகத் தோன்றவில்லை. விருதுநகர், சிவகாசி, சாத்தூர் போன்ற வியாபார ஊர்களின் பழைய கட்டடங்கள் பலவும் இப்படித்தான். தாத்தா கீழ்த்தளத்தைக் கட்டினார். மகன் முதல் மாடியை எழுப்பினார். பேரன் வாடகையை உத்தேசித்து அதற்கு மேலும் ஒன்று ஏற்றினார்.

தாத்தா கட்டியது செங்கல்லும் சுண்ணாம்பும். கூரை, 'மெட்ராஸ் டெரஸ்' என்று பெயர் பெற்ற பழைய முறை. தேக்கு உத்தரங்களின் மேல் சட்டங்களைப் பரப்பி, அவற்றின் மீது சிறு செங்கற்களைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரையால் பிணைத்து, அதன் மேல் செங்கல் ஜல்லிக் காரை போட்டு அடித்து, எல்லாவற்றுக்கும் மேல் தட்டோடு பதிப்பார்கள். சிமெண்ட் இல்லை, இரும்புக் கம்பி இல்லை. ஆனாலும் மழைநீர் தங்காமல் பார்த்துக்கொண்டால் நூறு வருஷம் தாராளமாக நிற்கும். அதற்குப் பகைவர்கள் இரண்டே பேர்: உத்தரத்தின் நுனியில் இறங்கும் ஈரம், அந்த ஈரத்தைத் தேடி வரும் கறையான். ஆகவே உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். கொத்தனார் ஒரு திருகுளியை வாங்கி அங்கே குத்திப் பார்த்தார். நல்ல தேக்கு ஆணியைக்கூட லேசில் உள்ளே விடாது. உளுத்த மரமாயிருந்தால் திருகுளி கேழ்வரகுக் களியில் இறங்குவதுபோல் இறங்கும்.

மகன் காலம் சிமெண்ட் காலம். 1960-களின் தொடக்கத்தில் விருதுநகருக்கு அருகே ராமசாமி ராஜா நகரில் சிமெண்ட் ஆலை எழுந்தது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் கான்கிரீட் கூரை கௌரவச் சின்னமாயிற்று. ஆனால் அந்தக் காலத்துச் சிறு கட்டடங்கள் பலவற்றில் கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே போதிய கனத்துக்குக் கான்கிரீட் போடவில்லை. ஈரம் கம்பியைத் தொட்டதும் துருப்பிடிக்கிறது. இரும்பைவிடத் துரு பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளே வீங்கும் துரு, கான்கிரீட்டைப் பிளந்து வெளியே தள்ளுகிறது. கூரையில் செம்பழுப்புக் கோடுகள், அப்பளம்போல் உப்பிய பூச்சு, அங்கங்கே தலைகாட்டும் கம்பி இவையெல்லாம் அந்த நோயின் படிகள். மேலே வெள்ளையடித்தால் நோய் மறையும், தீராது.

கொத்தனார் ஒரு மூங்கில் கழியால் கூரையை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். டக், டக், டக் என்று வந்த சத்தம் ஒரு மூலையில் 'பொத்' என்று மாறியது. "இங்கே பூச்சு தளத்தை விட்டுவிட்டது. தொட்டில் கட்டுகிற இடமாகப் பார்த்து விழப் பார்க்கிறது" என்றார். பானை தட்டும் சாஸ்திரந்தான்! அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு இப்போது ஐந்தாவது மாதம் என்பது எனக்கு அப்போது தெரியாது.

கரிசல் எழுதும் கோடுகள்

விரிசல் என்றதும் பயந்துவிடக் கூடாது. பார்க்காமலும் இருந்துவிடக் கூடாது. நம்முடையது கரிசல் பூமி. கரிசல் மண் மழையில் நீரைக் குடித்து உப்பும்; கோடையில் கால் விரல் நுழையும்படி வெடிக்கும். வருஷந்தோறும் இப்படிப் பூமி மூச்சு வாங்கி மூச்சு விடுவதால், ஆழமில்லாத அஸ்திவாரத்தின் மேல் நிற்கும் கட்டடமும் அதனோடு ஏறி இறங்குகிறது. இதற்கென்றே அடியில் குமிழ்போல் அகன்ற தூண்களைப் பூமிக்குள் இறக்கும் முறையை ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்துக் கொடுத்தார்கள். நம் பாட்டனார் கட்டிய கட்டடங்களுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

மயிரிழை போல் பூச்சில் மட்டும் ஓடும் கோடுகள் முகச் சுருக்கம் மாதிரி. வயசைக் காட்டும், அவ்வளவுதான். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி செங்கல் செங்கலாக ஏறும் விரிசல் அஸ்திவாரம் அசைவதைச் சொல்கிறது. ஒரு ரூபாய் நாணயம் உள்ளே போகும் அளவுக்கு அகன்றிருந்தாலோ, உள்சுவரிலும் வெளிச்சுவரிலும் ஒரே இடத்தில் தெரிந்தாலோ, அங்கே கதவும் ஜன்னலும் சட்டத்தில் சிக்கிக்கொண்டாலோ, எஞ்சினியரைக் கூப்பிட வேண்டிய சமயம் வந்துவிட்டது என்று அர்த்தம். விரிசல் பழையதா, இன்னும் வளர்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்றுண்டு. அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை இரு பக்கமும் காரை வைத்து ஒட்டி, தேதியைக் குறித்துவிடுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்துவிடும்.

விரிசலின் பாஷை தெரிந்ததால் உயிர் பிழைத்தவர்கள் உண்டு. 2021 டிசம்பரில் சென்னை திருவொற்றியூரில் அரசாங்க வாரியத்தின் அடுக்குக் குடியிருப்பு ஒன்றில் 24 வீடுகள் கொண்ட பகுதி அப்படியே சரிந்து விழுந்தது. கட்டி முப்பது வருஷங்கூட நிறைவடையாத கட்டடம். ஆனால் குடியிருந்தவர்கள் விரிசல் விடுவதைக் கவனித்து முன்கூட்டியே வெளியேறிவிட்டார்கள். ஒருவர்கூட மாளவில்லை. சாமான் போயிற்று, வீடு போயிற்று, மனிதர்கள் நின்றார்கள். அதே நிகழ்ச்சி இன்னொன்றையும் கற்பிக்கிறது: கட்டடத்தின் ஆயுளை வயசை மட்டும் வைத்துக் கணக்கிட முடியாது. நூறு வயசுச் சுண்ணாம்புச் சுவர் நிமிர்ந்து நிற்கும். இளம் கான்கிரீட் படுத்துவிடும்.

எங்கள் கொத்தனார் மாடிப்படிச் சுவரில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். நூலும் சுவரும் ஏறக்குறைய ஒட்டியே நின்றன. "தாத்தா நேர்மையான மனுஷன்" என்றார்.

வெயிலில் வறண்ட கூரை

மொட்டை மாடிக்குப் போனோம். தரகர், "பாருங்கள், ஒரு பொட்டு ஈரம் உண்டா?" என்று பெருமையோடு கேட்டார். வெயிலுகந்தம்மன் குடிகொண்டிருக்கும் ஊரில் சித்திரை வெயிலில் எந்தக் கூரைதான் ஈரமாயிருக்கும்? கோடையில் வீடு பார்க்கிறவர்கள் ஈரத்தைத் தேடக் கூடாது. ஈரம் விட்டுப் போன சுவடுகளைத் தேட வேண்டும். சுவரின் அடியில் உப்புப் பூத்த வெள்ளைத் திட்டு, கூரையின் மஞ்சள் வளையம், அலமாரிக்குள் ஓத வாசனை, ஒரு சுவருக்கு மட்டும் புதிதாக அடித்த வர்ணம் இவையே சாட்சிகள். கைப்பிடிச் சுவரின் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அரச மரம் கோயில் வாசலில் பூஜைக்குரியது. மொட்டை மாடியில் அதன் வேர் கட்டடத்தைப் பிளக்கும் உளி.

மாடியில் ஆறு தண்ணீர்த் தொட்டிகள் ஒரே ஓரத்தில் வரிசையாக நின்றன. ஆயிரம் லிட்டர்த் தொட்டி ஒன்று நிறைந்தால் நீர் மாத்திரம் ஒரு டன். ஆறு தொட்டிக்கு ஆறு டன்! தாத்தா அஸ்திவாரம் போட்டபோது இந்தப் பாரம் அவர் கணக்கில் இருந்திருக்குமா? கொத்தனார் தொட்டிகளின் அடியைக் குனிந்து பார்த்தார். நல்ல வேளையாக, அவை நடுத்தளத்தில் இல்லாமல் சுவர்களின் தலைக்கு மேல் அமைந்திருந்தன.

தண்ணீரைப்பற்றிக் கேட்பதற்குத் தரகர் சரியான ஆள் அல்லர். நகராட்சிக் குழாயில் எத்தனை நாளைக்கு ஒரு முறை நீர் வருகிறது, ஆறு குடித்தனத்துக்கும் எப்படிப் பங்கீடு, ஆழ்குழாய் நீர் உவரா நல்லதா என்பதையெல்லாம் முதல் மாடியில் இருந்த ஓர் அம்மாள் இரண்டே நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். ஏற்கெனவே குடியிருப்பவர்களிடம் ஐந்து நிமிஷம் பேசுவது, வீட்டுக்காரரிடம் ஒரு மணி நேரம் பேசுவதற்குச் சமம்.

கம்பிக்குள் ஓடும் நெருப்பு

மாடிப்படியின் கீழே மின்சாரப் பெட்டி இருந்தது. பழைய பீங்கான் பியூஸ்கள். அவற்றில் இரண்டில் உரிய கம்பிக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியை முறுக்கிச் சொருகியிருந்தார்கள். பியூஸ் என்பது அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தான் உருகி வீட்டைக் காப்பாற்றும் தியாகி. தியாகியின் இடத்தில் முரடனை வைத்தால், கம்பி உருகாது, வீடு எரியும். விளக்கும் விசிறியும் மட்டும் இருந்த நாளில் சுவரில் ஓட்டிய கம்பி, இன்று குளிர்ப்பெட்டி, மிக்ஸி, வெந்நீர்க் கருவி, ஏ.ஸி. எல்லாவற்றையும் சுமக்கிறது. ஸ்விட்சுப் பலகையைத் தொட்டுப் பாருங்கள். சூடாயிருந்தாலும், கருகிய வாசனை வந்தாலும் எச்சரிக்கை. மின்சாரம் மனிதர்மீது பாய்ந்தால் கண் இமைப்பதற்குள் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.ஸி.ஸி.பி. என்ற சிறு கருவி உண்டு. வீடுகளுக்கு ஏற்றது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழித்துக்கொள்ளும். அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் பரீட்சைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

நமக்கென்று தனி மீட்டரும் தனி இணைப்பு எண்ணும் உண்டா என்றும் கேளுங்கள். 2016-இல் தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட்டைக் கட்டணமின்றி வழங்கும் சலுகை தொடங்கியது. அந்தச் சலுகை நம் கைக்கு வருகிறதா, வழியிலேயே நின்றுவிடுகிறதா என்பது மீட்டரைப் பார்த்தால் தெரியும்.

வெளியேறும் வழி

மதுரையில், 2024 செப்டம்பர் 12 அன்று விடியற்காலையில், கட்ராபாளையத்தில் ஒரு பழைய கட்டடத்தில் இயங்கி வந்த பெண்கள் விடுதியில் குளிர்ப்பெட்டி வெடித்துத் தீப்பற்றியது. எங்கும் புகை சூழ்ந்தது. தூக்கத்திலிருந்த பெண்கள் திணறிப் போனார்கள், குறைந்தது இருவர் மாண்டார்கள். அதன் பிறகு வெளியான செய்தி நெஞ்சை இன்னும் வருத்தியது. அந்தக் கட்டடம் சிதிலமடைந்தது என்று கண்டு, மாநகராட்சி அதற்கு முன்பே நோட்டீஸ் கொடுத்திருந்ததாம்.

அந்த நோட்டீஸைப் பற்றி, மாதாமாதம் பணம் கட்டி அங்கே படுத்துறங்கிய பெண்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்? இந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. மும்பையில் வீட்டு வாரியத்தார் வருஷந்தோறும் மழைக் காலத்துக்கு முன்னால் மிக அபாயமான பழைய கட்டடங்களின் பட்டியலைப் பகிரங்கமாக வெளியிடுகிறார்கள். நம் ஊர்களிலும் அப்படிச் செய்வது நன்று. அதுவரையில் நாமே போய்க் கேட்க வேண்டியதுதான். அபாயமான கட்டடத்தைப் பழுது பார்க்கவோ இடிக்கவோ உத்தரவிடும் அதிகாரம் நகராட்சிக்கு உண்டு. அப்படி ஏதேனும் உத்தரவு இருக்கிறதா என்று நேரில் கேட்கலாம். பதில் வராவிட்டால் 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்கலாம்.

நாங்கள் பார்த்த கட்டடத்தில் ஆறு குடித்தனத்துக்கும் ஒரே மாடிப்படி. அதன் வாயிலில் கம்பிக் கதவு. இரவு பத்து மணிக்குப் பூட்டுவார்களாம். சாவி கீழே காவற்காரரிடம். மொட்டை மாடிக் கதவுக்கும் பூட்டு. அதன் சாவி வீட்டுக்காரரிடம். திருடனுக்குப் பயந்து பூட்டுகிறோம். நெருப்பு வந்தால் அதே பூட்டு நம்மைப் பிடித்துக் கொடுத்துவிடும். படியோரத்தில் பழைய மெத்தை, சைக்கிள், உடைந்த நாற்காலி ஆகியவை குவிந்து கிடந்தன. அகல விரித்த என் இரண்டு கைகள்கூட அங்கே கொள்ளவில்லை.

கீழே என்ன இருக்கிறது?

கடைசியாகக் கீழ்த்தளத்துக்கு வந்தோம். ஷட்டர் இறக்கிய கிட்டங்கி, பெரிய பூட்டு. என் பழைய ஞாபகங்களெல்லாம் ஒரே நொடியில் திரும்பி வந்தன.

சிவகாசிச் சீமையில் இந்தக் கேள்வி வேடிக்கையானதல்ல. 2016 அக்டோபர் 20 அன்று, தீபாவளிக்குச் சில நாட்களே இருக்கையில், சிவகாசி நகருக்குள்ளேயே ஒரு பட்டாசுக் கிடங்கில் சரக்கு ஏற்றும்போது தீப்பிடித்தது. அதிகமாக உயிர் துறந்தவர்கள் பட்டாசு வேலைக்காரர்கள் அல்லர். பக்கத்து ஸ்கேன் நிலையத்தில் இருந்தவர்களே. நெருப்பு அவர்களைத் தொடவில்லை, புகை தொட்டது. குறைந்தது எட்டுப் பேர் மூச்சுத் திணறி மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் தாங்கள் இருந்த கட்டடத்தில் எந்தப் பிழையும் செய்யவில்லை. பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை, அவ்வளவுதான்.

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. 2008-ஆம் வருஷத்து வெடிபொருள் விதிகளின்படி, பட்டாசுக் கடை மேல்மாடியிலோ நிலவறையிலோ இருக்கலாகாது. மனிதர் குடியிருக்கும் மாடிக்குக் கீழேயும் மாடிப்படியின் அருகேயும் இருக்கலாகாது. ஆகவே குடித்தனக்காரர், "கீழே என்ன சரக்கு?" என்று கேட்பது வம்புக்கு இழுப்பதல்ல. விதி ஏற்கெனவே சொன்னதைத்தான் அவர் திருப்பிச் சொல்கிறார்.

அண்ணாச்சியின் பதில்

இதற்குள் வீட்டுக்காரரே வந்துவிட்டார். நல்ல மனிதர், எல்லோருக்கும் கலர் வாங்கி வரச் சொன்னார். நாங்கள் தயாரித்திருந்த சிறு பட்டியலை என் மாணவன் தயங்கித் தயங்கி வாசித்தான்.

"இருபது வருஷமாக வாடகைக்கு விடுகிறேன். யாரும் இப்படிக் கேட்டதில்லையே, தம்பி!" என்றார்.

கோபமாக அல்ல, உண்மையான ஆச்சரியத்தோடுதான் சொன்னார். உதிர்ந்த பூச்சைக் கொத்திப் புதிதாகப் பூசச் சம்மதித்தார். மின்சாரப் பெட்டியை மாற்றுவதாகவும் சொன்னார். கம்பிக் கதவுக்கு ஒவ்வொரு குடித்தனத்துக்கும் ஒரு சாவி கொடுக்கவும் இசைந்தார்.

இவை அவருடைய தாராளம் மட்டுமல்ல, சட்டமும் அப்படித்தான். நம் மாகாணத்தில் 1946, 1949-ஆம் வருஷங்களிலும், பிறகு 1960-லும் வந்த வாடகைச் சட்டங்கள் முக்கியமாக வாடகை ஏறாமலும் குடித்தனக்காரர் நினைத்தபோது துரத்தப்படாமலும் காக்க முயன்றன. 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டுப் புதிய சட்டம், எழுத்து மூலமான உடன்படிக்கையையும் அதைப் பதிவு செய்வதையும் கட்டாயமாக்கியது. வேறு ஏற்பாடு எழுதிக்கொள்ளாத வரையில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது. கட்டடத்தின் அடிப்படைப் பழுது, வெள்ளையடித்தல், குழாய் மாற்றுதல், மின்கம்பி வேலை இவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்சு, பூட்டு, கண்ணாடி போன்ற சில்லறைப் பழுது குடித்தனக்காரர் பொறுப்பு. உடன்படிக்கையில் வேறு விதமாக எழுதினால் இது மாறும். ஆகையால் கையெழுத்திடுமுன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கடைசிக் கேள்வியை அந்தப் பெண்தான் கேட்டாள். "அண்ணாச்சி, கீழே கிட்டங்கியில் என்ன சரக்கு?"

"இப்போது ஒன்றும் இல்லை, அம்மா. காலி."

"சந்தோஷம். பட்டாசும் மருந்தும் எந்தக் காலத்திலும் வைக்கப்படாது என்று உடன்படிக்கையில் ஒரு வரி எழுதிவிடலாமா?"

அண்ணாச்சி கலர்ப் பாட்டிலைக் கீழே வைத்தார். "அது வேறே ஆளுக்கு விட்டிருக்கிறது. அவர் சீஸனில் என்ன வைப்பார் என்று நான் எப்படி எழுதித் தர முடியும்?" என்றார்.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தப் பெண், "நீங்கள் மறைக்காமல் சொன்னதற்கு நன்றி, அண்ணாச்சி. நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம்" என்றாள். என் மாணவன் வாயைத் திறந்து, மனைவியின் முகத்தைப் பார்த்து, மூடிக்கொண்டான்.

அவர்கள் இப்போது ஊருக்குச் சற்று வெளியே சிறிய வீடு ஒன்றில் இருக்கிறார்கள். வாடகை ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் அதிகம். மாதக் கடைசியில் அது கையைக் கடிக்கத்தான் செய்கிறது என்று மாணவன் சொன்னான். ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது; பேர் வைக்கும் நாளுக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். கொத்தனார் வாசற்படி ஏறுமுன் சுவரில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

அந்த அண்ணாச்சியைப்பற்றியும் ஒரு வார்த்தை. சில மாதங்களுக்குப் பின் பஜாரில் என்னைக் கண்டு, "வாத்தியாரய்யா, கம்பிக் கதவுக்கு ஆறு சாவி போட்டுக் கொடுத்துவிட்டேன்" என்றார். கிட்டங்கியைப்பற்றி அவரும் பேசவில்லை. நான் கேட்டேன். "யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்றார். அந்தக் கட்டடத்தில் இன்னும் ஐந்து குடும்பங்கள் வசிக்கின்றன. அவர்களும் கேட்டால் யோசனை சீக்கிரம் முடியும்.

வாடகைக்குக் குடியிருப்பது குறைவான காரியமல்ல. விருதுநகர் ஈன்ற காமராஜர் 1954 முதல் 1963 வரையில் முதலமைச்சராக இருந்தவர். 1975 அக்டோபர் 2 அன்று அவர் கண் மூடியது சென்னையில் ஒரு வாடகை வீட்டில். சொந்த வீடு இல்லாத அந்த மனிதர் எந்த வீட்டுக்காரருக்கும் தாழ்ந்தவராக இருக்கவில்லை. வாடகை கொடுப்பவர் தம் பணத்துக்குச் சுவரையும் கூரையையும் மட்டும் வாங்கவில்லை. அச்சமின்றித் தூங்கும் இரவுகளையும் சேர்த்தே வாங்குகிறார். ஆகவே அடுத்த தடவை வீடு பார்க்கப் போகும்போது, மேலே ஏறுமுன் ஒரு நிமிஷம் எதிர்ச் சாரியில் நின்று பாருங்கள். கதவைத் தட்டுங்கள், சுவரைத் தட்டுங்கள், கூரையைத் தட்டுங்கள். பூட்டிய கிட்டங்கி இருந்தால், சாவியைக் கேளுங்கள்.